இரண்டு இழுப்பு

எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்கப் போகிறவனுக்குக் கயிறு பிடிப்பவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, காரணம் ஊருக்கே தெரியும். தன் தங்கச்சி தாலியறுக்கும்படி எந்த அண்ணனும் கயிற்றை விட்டுவிட்டுப் பராக்குப் பார்க்க மாட்டான். அப்படித்தான் என் தங்கச்சிக்குக் மாதா கோவிலில் கல்யாண மந்திரம் முடிந்த கையோடு, அவள் மாப்பிள்ளையின் கயிறு என் கைக்கு வந்தது. ஏழு வருஷம் பிடித்தேன். ஏழு வருஷமும் மச்சான் மேலே வந்தார்.

மச்சான் கயிற்றை இடுப்பில் கட்டி, பாரத்துக்குக் கல்லோடு கடலுக்குள் இறங்குவார். நான் தோணி விளிம்பில் உட்கார்ந்து கயிற்றை விரலிடுக்கில் விட்டுக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். எழுபது, எழுபத்தைந்து தாண்டும்போது கயிறு இரண்டு முறை வெட்டி வெட்டி இழுக்கும். ‘மூச்சு முடிஞ்சது, தூக்கு’ என்று அர்த்தம். நான் தூக்குவேன். இதில் பெரிய கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு அப்போது தலைக்கனம் உண்டு. மச்சானின் மூச்சு என்னமோ என் சொந்தச் சம்பாத்தியம் மாதிரி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிவேன்.

சண்டைக்கால வருஷம் ஒன்றில், அரிசிக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. காற்று சரியில்லாமல் தோணி இறங்காத ஒரு காலை, மச்சானும் நானும் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு போலீஸ்காரர் நின்றார். வெளியூர்க்காரர், சின்ன வயசு. விடிந்ததிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. கூட்டத்தைப் பார்த்து அவருக்கே பயம் என்று நினைக்கிறேன். அதை அப்போது நினைக்கவில்லை, இப்போதுதான் நினைக்கிறேன்.

மச்சானுக்குக் காது மந்தம். ஆழத்தில் இறங்கி இறங்கி முக்கால்வாசிக் குளியாட்களுக்குக் காது அப்படித்தான் ஆகிவிடும். போலீஸ்காரர் பின்னாலிருந்து, வரிசையைவிட்டு வெளியே வா என்று மூன்று முறை சொன்னார். மச்சான் திரும்பவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. காது கேட்காது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அதைச் சொல்வதற்குள், திமிர்பிடித்தவன் என்று நினைத்து அவர் பின்னாலிருந்து மச்சானின் கழுத்தைச் சுற்றி முழங்கையை மடக்கிப் போட்டு இறுக்கிவிட்டார். நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பின்னால் சாய்த்தார்.

வரிசையில் நின்ற ஒரு அம்மாள், “விடுங்கய்யா, செத்துருவான்” என்றாள்.

அங்கேதான் என் வாய் திறந்தது. “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. எங்க மச்சான் எழுவத்தஞ்சு எண்ணுறவரைக்கும் மூச்சடக்குவாரு” என்றேன். பெருமையாகச் சொன்னேன். அதைக் கேட்டுப் போலீஸ்காரர் இன்னும் இறுக்கினாரா, கேட்கவே இல்லையா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. சொன்னதோடு நிற்காமல், பழக்கதோஷம், மனசுக்குள் எண்ணவும் ஆரம்பித்தேன்.

மச்சானின் வலது கை பின்னால் போய்ப் போலீஸ்காரரின் பெல்ட்டைப் பிடித்தது. இரண்டு முறை இழுத்தது. திமிறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பதினெட்டு எண்ணியிருப்பேன், அவர் முழங்கால் மடிந்தது. கண் மேலே செருகியது. போலீஸ்காரர் பதறிப்போய்க் கையை எடுத்தார்.

பதினெட்டு! எழுபத்தைந்து எண்ணுகிற ஆளுக்குப் பதினெட்டில் எப்படி மயக்கம் வரும்? நான் எண்ணினது தப்போ என்று சந்தேகம் வந்தது. மச்சான் சீக்கிரமே கண் விழித்தார். இருமினார். போலீஸ்காரரே ஓடிப்போய்த் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார். பிறகு மச்சான் எழுந்து, வரிசையில் நின்று, அரிசி வாங்கி, பையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று கேட்கவில்லை. அவர் குரல்தான் கரகரத்தது. நடந்ததைத் தங்கச்சியிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரின் வலது கையிலிருந்து கும்பா நழுவியது. எடுக்கப் போனார், கை வரவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. தங்கச்சி பேரைச் சொல்லத்தான் பார்த்தார், சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை. ஆளுக்கொரு பேச்சு பேசினார்கள். கடலில் பட்ட காற்று என்றார் ஒருவர், வாதம் என்றார் இன்னொருவர். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முந்தாநாள் அரிசிப் பை சுமந்த ஆள் அவர்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மச்சானின் கழுத்தை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். யாராவது நெரித்தார்களா என்று கேட்டார். நான் நடந்ததைச் சொல்லிவிட்டு, மச்சான் மூச்சடக்குகிறவர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அப்போதும் விடவில்லை பாருங்கள்.

“இது மூச்சு சமாச்சாரம் இல்லப்பா” என்றார் டாக்டர். “கழுத்துல ரெண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் போற குழாய் இருக்கு. அதை அமுக்கிட்டா நெஞ்சு நிறைய மூச்சு இருந்தும் பிரயோஜனம் இல்ல. உள்ளுக்குள்ள குழாய் கிழிஞ்சா, எழுந்து நடப்பான், ரெண்டு நாள் கழிச்சு விழுவான்.”

கேட்டுக்கொண்டேன். ஆனால் விளங்கவில்லை. அத்தனை வருஷமும் நான் காவல் காத்தது மூச்சைத்தானே. கழுத்துக்குள் வேறொன்று ஓடுகிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

டாக்டர் எழுதி அனுப்பிய கடுதாசியால் விசாரணை வந்தது. போலீஸ்காரர்மேல் தப்பு என்று முடிந்தால் தங்கச்சி குடும்பத்துக்குச் சர்க்காரிலிருந்து ஏதாவது வழி பிறக்கும். மச்சான்மேல் தப்பு என்று முடிந்தால், வாய் வராமல் கட்டிலில் கிடக்கிற ஆள்மேல் போலீஸை எதிர்த்த வழக்கு வரும். இரண்டில் எது என்பது பக்கத்தில் நின்று பார்த்தவன் சொல்லும் சொல்லில் இருந்தது. அந்த அம்மாளைத் தேடினார்கள், அகப்படவில்லை. மிச்சம் நான்தான்.

விசாரித்த அதிகாரி நல்ல மனுஷர். என்னை உட்காரச் சொன்னார். பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். மச்சான் போலீஸ்காரரின் பெல்ட்டைப் பிடித்தாரா என்று கேட்டார். பிடித்தார் என்றேன். இழுத்தாரா? இழுத்தார். எத்தனை முறை? இரண்டு முறை. மூச்சு முட்டினதாகத் தெரிந்ததா? அவருக்கு மூச்சு தாங்குமே ஐயா என்றேன். அதன்பிறகு தானாக எழுந்து நடந்தாரா? நடந்தார். ஒன்றுகூடப் பொய் இல்லை. மாதா சத்தியமாக உண்மையைச் சொன்ன திருப்தியோடு கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். ‘இரண்டு முறை பலமாக எதிர்த்தான்’ என்று இருந்தது. நான் சொன்ன இழுப்பு அங்கே எதிர்ப்பாகிக் கிடந்தது. ஏதோ இடித்தது, என்னவென்று பிடிபடவில்லை. பேந்தப் பேந்த விழித்துவிட்டு வெளியே வந்தேன்.

அதற்குள் மச்சானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். நேரே அவரிடம் போய், பாயின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, காதோரம் குனிந்து உரக்க எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட்டை இழுத்தீர்கள் என்று சொன்னேன், இரண்டு தரம் என்றும் சொன்னேன். அவர் கண் என்னையே பார்த்தது. இடது கை நகர்ந்து வந்து என் வேட்டி நுனியைப் பற்றியது. வெட்டி வெட்டி இரண்டு முறை இழுத்தது.

அந்த இழுப்பு எனக்குத் தெரியும். தூக்கத்தில் வந்தால்கூடத் தெரியும். ஆனால் ஏழு வருஷமும் அது கயிறு வழியாக என் விரலுக்குத்தான் வந்திருக்கிறது. தண்ணீருக்கடியில் அந்தக் கை எப்படி இழுக்கும் என்று ஒருநாளும் நான் கண்ணால் பார்த்ததில்லை. அரிசிக் கடை வாசலில் பட்டப்பகலில் நாலடி தூரத்தில் அதைப் பார்த்தேன், பார்த்தும் தெரியவில்லை. விரல் அறிந்ததைக் கண் அறியவில்லை. நான் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மறுநாள் அதிகாரியிடம் ஓடினேன். அது எதிர்ப்பு இல்லை, எங்கள் அடையாளம் என்றேன். யாருக்கு அடையாளம் என்று கேட்டார். எனக்கு என்றேன். “இழுத்தது போலீஸ்காரர் பெல்ட்டை. நீர் அங்கே கயிறு பிடிச்சிக்கிட்டா நின்னீர்?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அவருக்கும் விளங்கத்தான் இல்லை. காகிதம் மேலே போய்விட்டது என்றார். கடைசியில் வழக்கும் போடவில்லை, வழியும் பிறக்கவில்லை. உடம்புக்கு முடியாதவன் என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டதாக ஒரு பதில் வந்தது. எதிர்த்தவன் என்ற சொல் மட்டும் மச்சான் பேரில் நின்றுவிட்டது. அந்தப் போலீஸ்காரரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் வருகிறது, பாதியில் அது என் பக்கமே திரும்பிவிடுகிறது. அவருக்கு மச்சானைத் தெரியாது. எனக்குத் தெரியுமே.

ஒன்று மட்டும் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அவர் எனக்காக இழுத்தாரா, அல்லது மூச்சுத் திணறுகிற எவனும் கைக்கு அகப்பட்டதை இழுப்பதுபோல் இழுத்தாரா? இரண்டாவதாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஒரு சாயங்காலம் தங்கச்சியிடமே கேட்டேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்.

“அவுக இழுத்தது ஒனக்குத்தாண்ணே. வேற யாரு தூக்குவா?”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளதைச் சொல்வதுபோல் சொன்னாள். பாயில் கிடந்த மச்சான் என் வேட்டி நுனியைப் பிடித்து இரண்டு முறை இழுத்தார். எழுந்து உட்கார வேண்டுமாம். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தேன்.