ஆயுத பூஜையன்று மாறிப்போன எண்

லேத் மெஷினில் ஊற்றும் கூலன்ட் வாடையும் சந்தன வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா... எனக்கு அதுதான் முதல் வேலையின் வாசனை.

திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன லேத் பட்டறை. காலேஜ் முடித்த கையோடு அங்கே பில் போடச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். தாம்பரத்திலிருந்து பஸ் மாறிப் போவேன். யாரிடமும் அதிகம் பேசாமல் வேலையை முடித்துத் திரும்பிவிடுவேன்.

பட்டறையை நடத்தியது சாரும் அவர் மனைவி கலா அக்காவும். உண்மையில் அக்காதான். அந்த வருஷம் அவர் மாசமாக இருந்தார். படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் குன்றத்தூர் வீட்டில் படுத்தபடியே, போனில் பட்டறை கேமராவைப் பார்த்து எல்லோரையும் வேலை வாங்குவார்.

ஒரே ஒரு தொல்லை... எங்கள் நெட் கனெக்‌ஷனுக்கு நிலையான முகவரி கிடையாது, கேமராவைப் போனில் பிடிக்க ஒரு எண்தான். கரண்ட் போய் மோடம் அணைந்து எரிந்தால் அந்த எண் மாறிவிடும். அக்கா போனில் படம் கறுத்துவிடும். நான் புது எண்ணைத் தேடி, புள்ளி புள்ளியாகப் படித்துச் சொல்ல வேண்டும்.

"நம்பர் வேணாம்டி மீனா, ஒரு பேர் வெச்சுக் குடு" என்றார் ஒரு நாள். கிண்டலாகத்தான் சொன்னார். தேடிப் பார்த்தால் நிஜமாகவே அப்படி ஒரு வசதி இருந்தது... டைனமிக் டிஎன்எஸ். ஒரு வெப்சைட்டில் இலவசமாகப் பெயர் தந்தார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சின்ன ப்ரோகிராம் ஒன்றைப் போட்டால், எண் மாறும்போதெல்லாம் அது அந்த வெப்சைட்டுக்குச் சொல்லிவிடும். அக்காவுக்குப் பெயர் மட்டும் போதும்.

போட்டேன். அந்த வாரம் கரண்ட் போய்ப் போய் வந்தது, படம் வந்துகொண்டே இருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பட்டறை திறந்த நாளிலிருந்து அக்கா இல்லாமல் ஆயுத பூஜை நடந்ததில்லை. கற்பூரம் காட்டுவதையாவது கேமராவில் பார்த்துவிட வேண்டும் என்று என்னிடம் மட்டும் பலமுறை சொல்லியிருந்தார்.

முந்தின நாள் மெயினை அணைத்து மெஷின்களைத் துடைத்தோம். பூஜையன்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. என் கம்ப்யூட்டருக்கும் ஆசையாக வைத்தேன். மெயினைப் போட்டார்கள். சார் கற்பூரத் தட்டை எடுத்தார்.

அக்காவின் போன். "மீனா... கறுப்பா இருக்கு."

அப்போதுதான் உறைத்தது. மோடம் எண்ணை மாற்றிவிட்டது. அதை வெப்சைட்டுக்குச் சொல்ல வேண்டிய ப்ரோகிராமோ அணைந்து கிடக்கும் கம்ப்யூட்டருக்குள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதே...

லேத் ஓட்டும் மணி அண்ணா, "போட்றலாம்மா, சாமி ஒண்ணும் கோச்சுக்காது" என்றார்.

ஸ்பீக்கரில் அக்கா, "தொட்டுப் பாருங்க, அப்புறம் தெரியும் சேதி."

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ... "சார், கொஞ்சம் இருங்க. கொளுத்தாதீங்க."

மொத்தப் பட்டறையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. என் போன் பூஜையில் இல்லையே. அதை ஆபீஸ் வைஃபையில் சேர்த்து, பெயர் தந்த வெப்சைட்டைத் திறந்து, ப்ரோகிராம் செய்ய வேண்டியதை நானே செய்தேன். புது எண்ணைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தோம். சார் கையில் தட்டு.

"யோவ் மணி, பூஜை முடியறதுக்குள்ள பொரியத் தின்றியா?"

அக்காவுக்குப் படம் தெரிந்துவிட்டது! மணி அண்ணா வாயை மூடிக்கொண்டு சிரிக்க, பொரி மூக்கில் ஏறியது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் சார் கற்பூரம் ஏற்றினார். அக்கா பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

இப்போது கேமராவில் இருக்கும் க்யூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்தால் முடிந்தது. எண்ணும் வேண்டாம், பெயரும் வேண்டாம். நானும் பெருங்களத்தூர் பக்கம் வேறு கம்பெனிக்கு வந்துவிட்டேன். ஆனாலும் ஆயுத பூஜைக்குப் பட்டறைக்குப் போய்விடுவேன். அக்கா முன்னால் நிற்பார், பக்கத்தில் ஸ்கூல் போகும் மகள். கேமராவில் பார்க்க வீட்டில் ஒருவரும் இல்லை.

இருந்தாலும் சார் தட்டை எடுத்ததும் என் பக்கம் திரும்புவார்.

"தெரியுதாம்மா?"

"தெரியுது சார்."

அப்புறம்தான் கொளுத்துவார்.