மூன்றாவது நாளைத் தள்ளி வைத்தவர்

திங்கட்கிழமை காலை டயாலிசிஸ் பிரிவிலிருந்து டெக்னீஷியன் ரவி அழைத்தார்.

"சார், ஜன்னல் பக்கம் பெட் கேட்டிருந்தீங்கல்ல? நாளைக்கு மூணாம் நம்பர் காலி. போட்டுடவா?"

செவ்வாய்க்கிழமைகளில் மூணாம் நம்பர் தனலட்சுமி அக்காவுடையது.

"அக்கா நாள் மாத்திட்டாங்களா?"

ரவி குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து ராத்திரி தூக்கத்துலயே போயிட்டாங்க சார். ஹார்ட்டாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

பெட் வேண்டாம் என்றேன். ரவி மீது எனக்கு வருத்தமில்லை. ஒரு படுக்கைக்காக நாலு பேர் காத்திருக்கிறார்கள்.

தனலட்சுமி அக்காவை அறியாதவர்களுக்கு: வயது நாற்பத்தாறு. வீடு முத்தாபுதுப்பேட்டையில். கணவர் இல்லை. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ரப்பர் வாஷர்களைப் பார்த்துப் பழுதானவற்றைப் பொறுக்கி எடுக்கும் வேலை. அவருடைய அம்மா அதே பக்கத்தில் நாற்று நட்டவர். "அவங்க குனிஞ்சிகினு செஞ்சாங்க, நான் குந்திகினு செய்றேன். அவ்ளோதான் முன்னேற்றம்" என்பார்.

டயாலிசிஸ் என்றாலே சிறுநீரகம் முழுக்க நின்றுவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். சிலருக்குக் கொஞ்சம் மிச்சமிருக்கும். அக்காவுக்கு இருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் சிறுநீர். அந்த இரண்டு டம்ளரால் அவருக்கு வாரம் இரண்டு முறை போதும். செவ்வாய், சனி. எனக்கு மிச்சம் ஏதுமில்லை. செவ்வாய், வியாழன், சனி.

இரண்டு நாள் விடுப்பைக் கம்பெனி பொறுத்துக்கொண்டது. மூன்றாவது நாள் கேட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். ஆகவே அந்த இரண்டு டம்ளர்தான் அவருடைய வேலை. வீடு. மகளின் படிப்பு.

ஒரு நாள் முழுவதும் போகும் சிறுநீரை ஒரு கேனில் சேகரித்து வரச் சொல்வார்கள். எவ்வளவு மிச்சம் என்று அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். டயாலிசிஸ் தொடங்கிய முதல் வருடக் கடைசியில் அக்காவுக்கு அளவு இறங்கத் தொடங்கியது. அதற்கடுத்த முறை அக்கா கொண்டுவந்த கேன் கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. நாங்கள் பொறாமைப்பட்டோம்.

முடிவோடு டாக்டரம்மா படுக்கையருகே வந்தார்.

"அளவு ஏறியிருக்கு. ஆனா உள்ள இருக்கிற கழிவு ஏறவே இல்லையே. தண்ணி ஊத்தினீங்களா?"

"ஒரு சொம்பு ஊத்தினேன் மேடம்."

"எதுக்கு?"

"மூணு நாளுன்னு சொல்லிடுவீங்கோன்னுதான்."

டாக்டரம்மா திட்டவில்லை. அளவு ஏன் இறங்குகிறது என்று தேடினார். ரத்தத்தில் அழற்சி இருப்பது தெரிந்தது. உடம்பில் எங்கோ ஒரு புண் ஓயாமல் கனன்றுகொண்டிருக்கிறது. மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அது அரித்துவிடக்கூடும் என்றார். எங்கே வலி என்று கேட்டார். எங்கேயும் இல்லை என்றார் அக்கா. பிறகு வாயைத் திறந்து காட்டினார்.

கடைவாய்ப் பல் இரண்டு. ஈறு சீழ் பிடித்திருந்தது. ஆறு மாதமாக மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்கியிருக்கிறார். அந்த மாத்திரையும் சிறுநீரகத்துக்கு ஆகாது.

"பல்லு டாக்டராண்ட போனா இன்னொரு நாளு லீவு போடணும் மேடம்."

ஒரு நாளைக் காப்பாற்றப்போய், வாரத்துக்கு ஒரு நாளை இழக்க இருந்தார். அவர் பேசி நான் கேட்டதில், பல் டாக்டரைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும்தான் சிரிப்பு இல்லை.

பற்களைப் பிடுங்கினார்கள். மாத்திரை நின்றது. அளவு பழையபடி ஏறவில்லை. ஆனால் இறங்குவது நின்றது. அதுவே பெரிது என்றார் டாக்டரம்மா.

அக்கா நினைத்திருந்தால் கேன் விஷயத்தை மறைத்திருக்கலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை வார்டு முழுக்கக் கேட்கும்படி அவரே சொன்னார். "யாரும் தண்ணி ஊத்தாதீங்கப்பா. அசிங்கப்பட்டது நான் ஒருத்தியே போதும். எங்கியாவது வலி கீதுன்னா வாயத் தொறந்து சொல்லிடுங்கோ." அதன் பிறகு புதிதாக வருபவர்களிடம் ஊரும் பேரும் கேட்குமுன் பல்லைக் காட்டச் சொல்வார். காலில் ஆறாத புண்ணோடு வந்த ஒரு பெரியவரை, "இன்னா நைனா, மருந்து போடாம அத்த வளத்துகினுகீற?" என்று கேட்டு, கையோடு டாக்டரிடம் அனுப்பிவைத்தார். வெட்கத்தை இப்படிப் பிறருக்குப் பயன்படுத்திய வேறொருவரை நான் பார்த்ததில்லை.

என்னிடம் பல்லைப் பற்றிக் கேட்டதில்லை. எனக்குக் காப்பாற்ற எதுவுமில்லை என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை நான் சோர்ந்திருந்தபோது சொன்னார்: "உனக்கு மூணு நாளு, எனக்கு ரெண்டு. அதுக்கோசரம் நீ ஒண்ணும் தோத்தவன் இல்ல நைனா. மிச்சத்துல நான் ஓட்டிகினு கீறேன். மிஷின்ல நீ ஓட்டிகினு கீற. அவ்ளோதான்."

பற்களைப் பிடுங்கிய பிறகு ஏறக்குறைய இரண்டு வருடம். மூன்றாவது நாள் அவருக்கு வரவேயில்லை. இதயம் இப்படிச் செய்யும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. போன சனிக்கிழமைகூடக் கேன் கொண்டுவந்திருந்தார். முடிவு திங்கட்கிழமை வந்தது. குறையவில்லை.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். கம்பெனிப் பெண்கள் ஷிப்ட் முடிந்து நீலக் கோட்டோடு வந்திருந்தார்கள். உடலைக் குளிப்பாட்டக் குடம் குடமாகத் தண்ணீர் போனது. டயாலிசிஸ்காரர்களான நாங்கள் தண்ணீரை மிடறு மிடறாக அளந்து குடிப்பவர்கள். நான் திரும்பி நின்றுகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மூணாம் நம்பரில் ஒரு புது ஆள். அவரைப் பல்லைக் காட்டச் சொல்ல ஆளில்லை.

இன்று வியாழன். மூணாம் நம்பரில் வழக்கமான ஆட்டோக்காரர். வழக்கமான குறட்டை. ஊசி குத்தும்போது ரவி வழக்கம்போல் கிரிக்கெட் பேசினார். எதுவும் மாறவில்லை. ஏனென்றால் வியாழக்கிழமைகளில் அக்கா இங்கே இருந்ததே இல்லை. அவர் திருமழிசையில் இருப்பார். வாஷர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்கு மணி நேரம் அப்படியே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். வேலையைப் பாருங்கள், அக்கா.