கறுப்புப் பட்டையில் ஓர் ஊசித்துளை

வௌவால் என்று ஊரார் பட்டப்பெயர் வைத்த அவனுக்கு உடம்பெல்லாம் காது. ஓர் ஈ தும்மினால் கிழக்கே பார்த்துத் தும்மியதா, மேற்கே பார்த்துத் தும்மியதா என்று சொல்லிவிடுவான். நம்பாதவர்கள் அந்த ஈயையே கேட்டுக்கொள்ளலாம். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கண்களிலும் பால்போலப் படலம் பரப்பிவிட்டுப் போனது. அன்றிலிருந்து வெளிச்சம் என்பது அவனுக்குக் கன்னத்தில் படும் இளஞ்சூடு, அவ்வளவுதான்.

ஆனால் ஓடத் தொடங்கினால், காற்று ஒதுங்கி வழிவிடும். பக்கத்தில் துணைக்கு ஓடுவது அவன் மனைவியின் அண்ணன், சைக்கிள் கடைக்காரர். இருவர் மணிக்கட்டையும் ஒரு சின்னக் கயிறு இணைத்திருக்கும். இடப்பக்கம் இழுபட்டால் வளைவு, தளர்ந்தால் நேர்பாதை.

"மாப்ளே, மெதுவாப் போய்யா. கண்ணு தெரிஞ்ச நான் பாதியிலயே போய்ச் சேந்துருவேன் போலிருக்கு!"

"தொப்பையக் கழட்டி வீட்ல வெச்சுட்டு வாங்க மச்சான்."

பார்வையற்றோர் ஓட்டத்தில் எல்லோருமே கண்ணில் கறுப்புப் பட்டை கட்டியாக வேண்டும். அரைகுறையாகத் தெரிகிறவனுக்கும் அறவே தெரியாதவனுக்கும் இருட்டு ஒன்றாக இருக்க வேண்டுமே. அவனுடைய பட்டையைத் தைத்தவள் அவன் மனைவி. தையல்தான் அவள் தொழில். அந்தப் பட்டைக்குள் அவன் ஓடவில்லை, மிதந்தான். நாட்டிலேயே முதல்வன் ஆனான். அரசாங்கம் வேலை கொடுத்தது, வீடு கொடுத்தது. ஜன்னலைத் திறந்தால் சுவரில் பதக்கங்கள் கிணுகிணுக்கும்.

பிறகு வெளியூர் மருத்துவர் ஒருவர் அவனுடைய ஒரு கண்ணில், தானமாக வந்த புதுக் கருவிழிப் படலத்தை வைத்துத் தைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. "வெச்ச படலம் ஒட்டலை போலிருக்கு" என்று வீட்டில் சொல்லிவிட்டான். பொய்யில்லை, அன்றைக்கு.

ஒரு காலை, பனி விலகுவதுபோல் ஏதோ விலகியது. நீலமாக ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தால் தையல் இயந்திரத்தின் ஊசிக்கு அடியில் வழுக்கிப் போகும் துணி. ஆற்றங்கரையில் ஒரு முகம், பல்லிடுக்கில் நூலோடு. இத்தனை வருஷம் விரல்களால் படித்த முகம். கத்திச் சொல்ல வாயைத் திறந்தான். சுவரில் பதக்கங்கள் மினுங்கின. வாய் மூடிக்கொண்டது.

சொன்னால் ஓட்டம் போகும். ஓட்டத்தோடு வந்த வேலையும் வீடும் போகும். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டான். மருத்துவக் குழுவின் முன் நாற்காலியில் முட்டிக்கொண்டு, பார்வை இல்லை என்று சான்று வாங்கினான். திருட்டுக்குக் கால் முளைத்தால் நிற்குமா? அவளுடைய ஊசியையே எடுத்துப் பட்டையில் ஒரு துளை போட்டான். துளை வழியாக வெள்ளைக்கோடு தெரிந்தது. கயிறு எதற்கு, கயிறு?

பார்க்க முடியாத புருஷனுக்கு நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுவது அவளுடைய பழைய விளையாட்டு. ஒருநாள் நீட்டினாள். அவன் சிரித்துவிட்டான்.

"என்ன சிரிப்பு?"

"சும்மா... ஏதோ நெனப்பு."

தையல் சக்கரம் ஒரு கணம் நின்றது. பிறகு சுற்றியது. அவன் வாயாலேயே வரட்டும் என்று அவள் காத்திருந்தாள். துவைக்கும்போது பட்டையில் துளை அகப்பட்ட பிறகும் காத்திருந்தாள்.

பெரிய போட்டி வந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டு கோட்டில் குனிந்தான். துளையைக் காணோம்! எங்கு திருப்பினாலும் இருட்டு. துப்பாக்கி வெடித்தது. கால்கள் ஓடின, ஆனால் கயிற்றை நம்பும் வித்தை அவற்றுக்கு மறந்துபோயிருந்தது. கயிறு இடப்பக்கம் இழுக்க, அவன் வலப்பக்கம் போனான்.

"கயிறு, மாப்ளே, கயிறு!"

வளைவில் கயிற்றை உதறிவிட்டுப் பட்டையைப் பிய்த்து எறிந்தான். எதிரே புகைப்படக்காரரின் முக்காலி. மான்போலத் தாண்டினான். தாண்டி, கண் திறந்தபடியே முதலில் போய் நின்றான். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "டேய், வௌவாலுக்குக் கண்ணு தெரியுதுடோய்!"

மோசடி வழக்கு. பதக்கம், வேலை, வீடு எல்லாம் போயின. மச்சானுக்கு எதுவும் தெரியாது என்று நீதிபதியிடம் சொன்னான். நெடுநாளைக்குப் பின் அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. சிறைக்குப் போனான்.

அவள் பார்க்க வந்தாள். நடுவே கம்பிவலை.

"ஓட்டையை அடைச்சது நீயா?"

"பின்னே? எலியா வந்து தைக்கும்?"

"என்னை மாட்டிவிடவா?"

"மாட்டிவிடணும்னா நேரா ஸ்டேஷனுக்குப் போயிருக்க மாட்டேனா? ஓட்டை இல்லாமத்தானே அத்தனை பதக்கம் ஜெயிச்சீங்க. இதையும் அப்பிடியே ஜெயிப்பீங்க, அந்தத் தைரியத்துல வந்து எங்கிட்ட உண்மையைச் சொல்வீங்கன்னு நெனச்சேன்." குரல் தேய்ந்தது. "ஊரை ஏமாத்துனீங்க, சரி. எம் மூஞ்சியைப் பாத்துட்டு, பாத்தேன்னு எங்கிட்டக்கூடச் சொல்லலையே."

அவன் தலை குனிந்தான். "மொத நாளே சொல்லியிருக்கணும். நீலத் துணி தைச்சிட்டிருந்தே. பல்லுல நூல் இருந்துச்சு."

அவள் பையிலிருந்து ஒரு நீல இழையை எடுத்து, ஒரு நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு, மறு நுனியை வலைக்குள் நீட்டினாள்.

"கட்டிக்குங்க. கண்ணை மூடுங்க. திருட்டுத்தனமாத் தொறந்தா, வெளிய வந்ததும் தையல் ஊசி இருக்கு."

மூடினான். பழைய இருட்டு, கன்னத்தில் பழைய இளஞ்சூடு. இழை இருக்கிறதா என்பதுகூடத் தெரியாத அளவுக்கு மெலிது. காத்திருந்தான்.

மெல்ல, இடப்பக்கமாக, அது இழுபட்டது. வௌவால் வளைவுக்குச் சாய்ந்தான்.