சாந்தினிக்குத் தெரிந்திருந்தது

போன கிழமை உப்புவெளியில் ஒரு பெண் எங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். எங்கள் என்றால்... மூன்று கமரா, நான்கு மைக், ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டுப் புத்தகம் என்னுடையது.

பிழை அவரிடம் இல்லை. சாந்தினியின் கணவர் நேசன், கூட்டாளி நவாஸுடன் சின்னப் படகில் கடலுக்குப் போய் அன்று நான்காம் நாள். இருவருடைய போனும் வேலை செய்யவில்லை. தேடிப் போன படகுகள் இரண்டு நாளும் வெறுங்கையோடு திரும்பிவிட்டன. அந்தக் காலை நேரத்தில் ஒரு நிருபர் மைக்கை நீட்டினார்:

"அக்கா, இப்ப உங்கட மனநிலை எப்பிடி இருக்கு?"

படார்!

மற்றவர்கள் கதவைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மூடிய கதவும் செய்திதானே! நான் போகவில்லை. எனக்கு நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள் — பல வருடங்களுக்கு முன் வாங்கிய ஏச்சு ஒன்று என்னைப் போக விடவில்லை.

அப்போது நான் புது நிருபர். லிங்கநகரில் ஒரு வீடு எரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, 'கண்ணீரும் கம்பலையுமாக நின்ற குடும்பப் பெண்' என்று உருகி உருகி எழுதினேன். மறுநாள் அந்தப் பெண்ணே பேப்பரோடு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, நான் எப்ப அழுதனான்? என்ர வீடு இனித் தப்பாது எண்டு தெரிஞ்ச உடன, பக்கத்து வீட்டுக் கூரைக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். அந்த வீடு தப்பினது என்னால. அதை ஏன் எழுதேல்ல?"

ஏன் எழுதவில்லை? நான் கேட்கவில்லையே! அழுகிற பெண் ஒருவரைத் தேடிப் போனேன். கிடைக்கவில்லை... நானே ஒருவரைச் செய்துவிட்டேன்.

சரி, உப்புவெளிக்கு வருவோம்.

நோட்டுப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, முற்றத்தில் கிடந்த கதிரையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சாந்தினி எட்டிப் பார்த்தார்.

"நீங்கள் இன்னும் போகேல்லையே?"

"இல்லை. ஆரோடையாவது கதைக்க வேணும் எண்டால் இருக்கிறன். வேண்டாம் எண்டால் போறன்."

அவர் கதவைச் சாத்தவில்லை. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அவையள் எங்க நிப்பினம் எண்டு நீங்கள் நினைக்கிறீங்கள்?"

சாந்தினி என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து வாசற்படியில் இருந்தார்.

"ரெண்டு நாளா ஒருத்தரும் இதைக் கேக்கேல்ல அக்கா. எல்லாரும் தெற்கால தேடினம். இவர் வலை போடுறது அந்தப் பக்கம்தான், ஓம். ஆனா எஞ்சின் நிண்டால் அங்கயே கிடக்கிற ஆளில்லை. போன வருசமும் நிண்டது. மழைக்கு விரிக்கிற தறப்பாளைப் பாய்மரப் பாய் மாதிரிக் கட்டி, காத்தோட வடக்கால போய்க் கரையேறினவர். எஞ்சினைப் பழுது பாக்காமல் போனதெண்டு சிரிப்பினம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல. இந்த முறையும் குசினிக் கூரையில கிடந்த நீலத் தறப்பாளைக் கழட்டிக்கொண்டுதான் போனவர். இப்ப அடிக்கிறதும் தெற்குக் காத்து..."

நான் கதிரையிலிருந்து எழுந்தேன்.

"இதை மீனவர் சங்கத்தில சொன்னீங்களா?"

"சொல்லப் போனனான். 'அழாதேங்கோ தங்கச்சி, நாங்கள் பாப்பம், வீட்டை போங்கோ' எண்டிட்டினம். நான் அழப் போகேல்ல அக்கா! இடம் சொல்லப் போனனான்!"

நானே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் காற்றும் கடலும் எனக்கு என்ன தெரியும்? தெரிந்தவர் முன்னால் இருக்கிறார்.

"வாங்கோ. நீங்களே சொல்லுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்."

கடற்கரையில் மூன்று படகுகள் மறுபடியும் தெற்கே போக ஆயத்தமாக நின்றன. மீனவர் சங்கத் தலைவர் எங்களைக் கண்டதும், "தங்கச்சி, அழாதேங்கோ —" என்று தொடங்கினார்.

"நான் அழேல்ல அண்ணை. ரெண்டு நிமிசம் கேளுங்கோ."

கேட்டார்கள். சாந்தினி குனிந்து, ஈர மணலில் விரலால் கரையைக் கீறி, காற்றைக் கீறி, வடக்கே ஒரு புள்ளி வைத்தார். தலைவர் அந்தப் புள்ளியைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, வடக்கே உள்ள புல்மோட்டைச் சங்கத்துக்கு அடித்தார். தெற்கே போக நின்ற படகுகள் மூன்றும் வடக்கே திரும்பின.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். வடக்கே போன படகு ஒன்றிலிருந்து போன் வந்தது. தலைவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"நீலமா ஒண்டு தெரியுது அண்ணை... பாய்தான்... கை காட்டுறாங்கள். ரெண்டு பேர்! ரெண்டு பேரும் இருக்கிறாங்கள்!"

கடற்கரை அப்படிக் கூச்சல் போட்டு நான் கேட்டதில்லை. தலைவர் சாந்தினிக்கு முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நீங்கள் சொன்ன இடத்திலதான் தங்கச்சி. முந்தநாளே கேட்டிருக்க வேணும்... எங்கட பிழை."

நிருபர் வேலை இரக்கப்படப் பழக்கும் என்பார்கள். இரக்கம் சுலபம் — யாருக்கும் வரும். துன்பத்தில் நிற்கிறவருக்கும் மூளை வேலை செய்கிறது என்று நம்புவதற்குத்தான் பல வருடப் பயிற்சி தேவை. 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால் கண்ணீர் கிடைக்கலாம். 'உங்களுக்கு என்ன தெரியும்' என்று கேட்டால்... சிலவேளை இரண்டு உயிரே கிடைக்கும்!

பொழுதுபடுகிற நேரம் படகு வந்தது. இருவருக்கும் உதடு வெடித்து, முகம் கறுத்திருந்தது. ஆனாலும் தங்கள் காலாலேயே இறங்கி நடந்து வந்தார்கள். சாந்தினி ஓடிப்போய் நேசனின் சேர்ட்டைப் பிடித்தார். கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று, செய்தி கேட்டுத் திரும்பி வந்திருந்த கமராக்கள் எல்லாம் தயார்.

"எஞ்சினை மெக்கானிக்குக் காட்டுங்கோ, காட்டுங்கோ எண்டு எத்தனை தரம் சொன்னனான்!"

பின்னால் வந்த நவாஸ் கையை உயர்த்தினார். "நானும் சொன்னனான் அக்கா!"

முழுக் கடற்கரையும் சிரித்தது. நேசனும்தான்... சிரித்துக்கொண்டே அழுதார்.

அலுவலகத்திலிருந்து ஆசிரியர் போன் எடுத்தார். "அவ அழுற படம் ஏதும் இருக்கோ?"

"இல்லை சேர். என்ர போனில, புருசனை ஏசுற படம் இருக்கு... முதல் பக்கத்தில பெரிசாப் போடுங்கோ!"