பின் சக்கரத்தில் ஒரு நடுக்கம்

என் தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. அதே ஊரில் ஓர் அலுவலகத்தில் எனக்கு. புக்கிட் ரோத்தானிலிருந்து தினமும் என் பழைய காரில், எங்கள் பேச்சில் காடியில், சேர்ந்தே போவோம்.

ஒரு நாள் காலை, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது என் தோளைத் தட்டினாள். உள்ளங்கையைக் கதவில் அழுத்தி வைத்திருந்தாள். மறு கையால் அம்மியில் அரைப்பதுபோல இழுத்துக் காட்டி, "காடி அரைக்கிறது" என்று சைகையில் சொன்னாள். வானொலியை நிறுத்திவிட்டுக் கவனித்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரோடு சரியில்லை என்று சொல்லி வைத்தேன்.

அந்த மாதக் கடைசியில்தான் எனக்குக் கேட்டது. 'ஊ'வென்று ஓர் ஊளை; வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. டயர்தான் காரணம் என்று நினைத்துப் புது டயர் போட்டேன். ஊளை போகவில்லை.

சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு கோலா சிலாங்கூரில் உள்ள பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் என்னைவிட இளையவர். காடியை அவரே ஓட்டிப் பார்த்தார். நான் பக்கத்தில், தங்கை பின்னால்.

"சக்கரத்து பேரிங் தேஞ்சிருச்சுக்கா. முன்னால, வலது பக்கம்," என்று அந்தப் பக்கம் கைகாட்டினார்.

எனக்கும் சத்தம் அங்கிருந்து வருவதாகத்தான் தோன்றியது. தங்கை அவருடைய இருக்கையைத் தட்டித் தலையாட்டி மறுத்தாள்; தன் காலடிக்குப் பின்னால், இடது பக்கத்தைக் காட்டினாள்.

"பின்னால, இடது பக்கமாம்," என்றேன்.

"காது கேக்காதுன்னீங்க?"

"கேக்காதுதான்."

அவர் கண்ணாடியில் அவளை ஒரு முறை பார்த்தார். ஒரு வளைவில் வலப்புறம் திருப்பினார். காடியின் பாரம் இடப்பக்கம் சாய்ந்ததும் ஊளை ஏறியது.

"இடது பக்கம்தான் லா," என்றார் மெதுவாக. "ஆனா பின்னாலயா?"

பட்டறையில் காடியை ஜேக்கில் ஏற்றினார். பின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார், ஆடவில்லை. கையால் சுழற்றினார், சத்தமும் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, சக்கரத்துக்கு மேலே இருந்த ஸ்பிரிங்கைத் தொடும்படி தங்கைக்குக் காட்டினார். வலது சக்கரத்தைச் சுழற்றியபோது அவள் முகத்தில் ஒன்றுமில்லை. இடது பக்கம் வந்து சுழற்றினார். அவள் கண்களை மூடிக்கொண்டாள். முகம் சுருங்கியது. இங்கேதான் என்று தலையசைத்தாள்.

சக்கரம் சுற்றச் சுற்ற நானும் விரல் வைத்தேன். குளிர்ந்த இரும்பு, அவ்வளவுதான். அவள் என் விரல்களைத் தளர்த்தி, இன்னும் மெல்லத் தொடும்படி பிடித்தாள். அப்போது, நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக ஒரு நறநறப்பு. சின்ன வயதிலிருந்து ஒரே அறையில் வளர்ந்தோம். அவள் வாழ்வது அமைதியில் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கின் இரும்பு வளையத்தைத் தட்டி எடுத்து, கிரீஸைத் துடைத்துக் காட்டினார். கண்ணாடிபோல் பளபளத்த உட்புறத்தில் ஓரிடத்தில் மட்டும், ஓர் அரிசி அளவுக்கு, இரும்பு பொரிந்து உதிர்ந்திருந்தது.

"இதுவா அவ்வளவு சத்தம் போட்டுச்சு?"

"இன்னும் ஓட்டியிருந்தா சூடேறி சக்கரமே இறுகியிருக்கும்கா." பிறகு தங்கையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

புது வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி உட்காரவைத்து, கிரீஸ் அடைத்து, நட்டை முறுக்கினார். சுழற்றிவிட்ட சக்கரம் வெகு நேரம் தன்பாட்டில் ஓடியது.

திரும்பும் வழியில் ஊளை இல்லை. இப்போது எப்படி என்று கேட்டேன். அவள் கைகள் பேசத் தொடங்கின: தார் ரோடு ஒரு மாதிரி, ஆற்றுப் பாலம் வேறு மாதிரி, இன்ஜின் எல்லாவற்றுக்கும் அடியில் விடாமல், எதிரே லோரி கடந்தால் முதலில் கதவில், அப்புறம் நெஞ்சில். ஓட்டிக்கொண்டே அவள் கைகளை முழுவதும் பார்க்க முடியவில்லை. செம்பனை ஓரமாகக் காடியை நிறுத்தி, அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.