செவலைக்காக ஊதிய விசில்

விசில் கற்றுக்கொள்கிற வயதா இது? எனக்கு ஐம்பத்தொன்று முடிந்துவிட்டது. இரண்டு முட்டியும் வீங்கிக் கிடக்கின்றன. இருந்தும் மூன்று மாதமாக ஊதிக்கொண்டிருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் என் வீட்டுக்காரர் முருகேசனும் அவர் வளர்த்த நாயும்தான்.

எங்களிடம் முப்பத்தெட்டு செம்மறி ஆடுகள். தென்னேரி ஏரிக்கரையில்தான் மேய்ச்சல். கரைக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சரிவில் இறங்கினால் ஊராரின் நெல் வயல். மற்றவர்கள் ஆட்டுக்கு நாய் வைப்பது காவலுக்கு மட்டும்தான். இவருக்கு அது போதவில்லை. செவலையைக் குட்டியிலிருந்தே மந்தையை மடக்கப் பழக்கினார். இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒன்று அடித்தால், அது சுற்றிப் போய் ஆடுகளை மடக்கும். குட்டையாக இரண்டு அடித்தால் நின்ற இடத்திலேயே படுக்கும். இவர் புங்கமரத்தடியில் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருப்பார். வேறு யார் தொண்டை கிழியக் கத்தினாலும் செவலை மதிக்காது என்பதில் அவருக்குப் பெருமை வேறு. அந்தப் பெருமையை இப்போது அனுபவிக்கிறவள் நான்.

கார்த்திகையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்துவிட்டு வீடு வந்தார். வலது கை தூக்க வரவில்லை, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வந்த அன்றே இடது கை விரலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று ஓரமாகப் போய்விட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், யார் பேசினாலும் முகம் கொடுக்கவில்லை. ஆடுகளைத் தரகரிடம் தள்ளிவிடு என்று மட்டும் குழறிக் குழறிச் சொன்னார். எனக்குத் தெரியும், ஆடு போனால் இந்த மனுஷன் அந்தக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

சொல்வதற்கென்ன, சொல்லிவிடலாம். மறுநாள் நான் கரையில் நின்று கத்திய கத்துக்கு ஏரியில் இருந்த கொக்கெல்லாம் பறந்தன, செவலை மட்டும் அசையவில்லை. தை முடிவதற்குள் ஆடுகள் இரண்டு முறை, கரைக்குக் கீழே வயல் வைத்திருக்கும் ஜெயக்குமாரின் நவரைப் பட்டத்து நெற்பயிரில் இறங்கிவிட்டன. இரண்டாம் முறை அவன் வீட்டு வாசலுக்கே வந்தான். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னான்.

"யக்கா, அண்ணன் படுத்துக்கினு இருக்குறாருன்னு பொறுத்துக்கினேன். இன்னொரு வாட்டி எறங்குச்சுன்னா கரமேல ஆட்டையே ஏத்த உடமாட்டோம். ஊர்ல பேசிட்டோம்."

கரை இல்லாவிட்டால் ஆடு இல்லை. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடையில் புடவை மடிக்கிற வேலை பார்க்கும் என் மகள் சத்யப்ரியா, அன்றைக்கே போனில் தேடி ஒரு விசில் வரவழைத்தாள். மேய்ப்பர்களுக்கென்றே செய்கிறார்களாம். பார்த்தால் விசில் மாதிரியே இல்லை. ஒரு தகட்டை இரண்டாக மடித்து நடுவில் ஓட்டை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதை உதட்டுக்கு நடுவில் வைத்து நாக்கால் அணை கொடுத்து ஊத வேண்டும். அவள் போனில் காட்டிய வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் பச்சை மலைமேல் நின்று குயில் மாதிரி ஊதினார். அந்த ஆள் நாக்கை எங்கே வைத்தார் என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

நான் ஊதினால் எச்சில்தான் வந்தது. தலைகீழாக வைத்து ஊதினேன், திருப்பி வைத்து ஊதினேன், உதடு மரத்துப் போனதுதான் மிச்சம். தகடு சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மகள் சிரித்தாள். இன்னொரு பக்கம் கட்டிலில் அவர். கன்னத்துக்குப் பயிற்சியாகப் பலூன் ஊதச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். அவர் பலூனை ஊத, நான் தகட்டை ஊத, இரண்டு பேருக்கும் புஸ் புஸ்ஸென்று காற்றுதான் போனது. வாசலில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் இரண்டு நாளில் பலூனைத் தூக்கிப் போட்டுவிட்டார். எனக்கு அந்தச் சலுகை இல்லை.

பகலில் எங்கே நேரம்? சாயங்காலம் செவலைக்குக் கஞ்சி காய்ச்சி இறக்கி வைத்துவிட்டு, அது ஆறும்வரை அடுப்படியிலேயே நின்று ஊதுவேன். ஆறியதும் ஊற்றுவேன். பங்குனி பிறந்தபோது ஒருநாள் பட்டென்று சத்தம் பிடித்துக்கொண்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. சுவரைப் பார்த்துக் கிடந்தவர் தலையைத் திருப்பினார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த ஒரு வாரம் விடாமல் ஊதிப் பழகிக்கொண்டு, ராணி மாதிரி கரைக்குப் போனேன்.

ஆடுகள் சரிவுப் பக்கம் சாயத் தொடங்கின. நீளமாக ஒன்று ஊதினேன். தூரத்தில் இருந்த செவலை காதைத் தூக்கியது. அடுத்த நொடி ஆடுகளை விட்டுவிட்டு, நாலுகால் பாய்ச்சலில் நேராக என்னிடம் ஓடிவந்து உட்கார்ந்து, என் கையைப் பார்த்து நாக்கைச் சுழற்றியது. குட்டையாக இரண்டு ஊதினேன். இன்னும் நெருங்கி உட்கார்ந்து வாலை ஆட்டியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக உயிரைக் கொடுத்து நான் அதற்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சத்தம் கேட்டால் கஞ்சி. தலையில் அடித்துக்கொண்டேன். நல்லவேளை, அன்றைக்கு ஆடுகள் தாமாகவே மேலே ஏறிவிட்டன. அதன்பிறகு ஊதாமல் கஞ்சி ஊற்றினேன், கஞ்சி ஊற்றாமல் ஊதினேன். பழகின பழக்கம் போகுமா? எப்போது ஊதினாலும் காலடியில் வந்து நின்றது.

நேற்று மதியம் அந்த மூன்றாம் முறை வந்தது. கிடா ஒன்று சரிவில் இறங்க, பின்னாலேயே மொத்த மந்தையும் இறங்கியது. கீழே ஜெயக்குமாரின் பயிர் கதிர் வாங்கி நிற்கிறது. அவனும் கரைமேல் வண்டியில் வந்துகொண்டிருந்தான். செவலை கரையின் அந்தக் கோடியில் இருந்தது. கத்திப் பயனில்லை, ஊதினால் என்னிடம்தான் வரும். வந்து தொலையட்டும் என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே ஓடினேன். ஆடுகளுக்கு முன்னால் போய் வயல் வரப்பில் நின்று ஊதினேன். செவலை வரப்போடு ஓடிவந்து என் காலடியில் நின்றது. எதிரே நாயைப் பார்த்த ஆடுகள் மிரண்டு நின்றன. ஒரு கும்பல் இடப்பக்கம் ஒதுங்கியது. அங்கே ஓடி ஊதினேன், நாய் அங்கே வந்தது. இன்னொன்று வலப்பக்கம் பிய்த்துக்கொண்டது. அங்கேயும் ஓடினேன். நாய் ஓட வேண்டிய ஓட்டமெல்லாம் நான் ஓடி, மூச்சு நெஞ்சில் முட்ட முட்ட ஊதி, முப்பத்தெட்டையும் கரையேற்றினேன். ஒரு கதிரில்கூட வாய் படவில்லை. ஜெயக்குமார் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஊர்ப் பக்கம் போய்விட்டான்.

நான் நொண்டிக்கொண்டு வீடு சேர்வதற்குள் அவன் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தான். நான் ஓடியது, ஊதியது, வரப்பில் வழுக்கியது எல்லாவற்றையும் கட்டிலில் இருந்தவரிடம் சொல்லி முடித்திருந்தான். கரை உனக்குத்தான்கா என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவர் தலையணையில் சாய்ந்து எழுந்து உட்கார்ந்திருந்தார். என்னையும் செவலையையும் மாறி மாறிப் பார்த்தார். இழுத்த வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நாயி... நல்லாத்தான்... பழக்கி வச்சிருக்குது... உன்ன."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கோணல் வாயில் எச்சில் ஒழுக ஒழுக, தோள் குலுங்கச் சிரித்தார். கார்த்திகைக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பை நான் பார்க்கவே இல்லை. எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. முட்டி இரண்டும் தெறித்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"சிரிய்யா, நல்லா சிரி. நாளைக்கும் நான்தான ஓடணும்" என்றேன்.