படிகாரம் போட்ட தண்ணீர்

மீன் தொட்டி வீட்டுக்கு வந்த அன்றே என் தூக்கம் போய்விட்டது.

வெளியூரில் இருக்கும் மகள், அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று வாங்கி அனுப்பியிருந்தாள். என் கணவருக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, வீட்டோடு உட்கார்ந்திருந்த சமயம் அது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் பிளாட் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தோம். பேப்பரைக்கூடப் பிரிக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் உட்கார்ந்தார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயம்தான் வந்தது. இந்த மீன்கள் செத்தால் இவருக்கும் ஏதாவது ஆகிவிடும் என்று என் புத்தி தானாகவே ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டது. முட்டாள்தனம் என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

மீன் விற்ற கடைக்காரருக்கு ஒரு கவலையும் இல்லை. "இன்னா மேடம், இவ்ளோ யோசிக்கிற? தண்ணி ஊத்து, மோட்டர போடு, மீன வுடு. ஒண்ணியும் ஆவாது" என்றார். நான்கு தங்கமீன்கள் வாங்கினோம். அதில் ஒன்றுக்கு வால் கிழிந்திருந்தது. வேறு தரச் சொன்னேன். "பரவால்ல, அதுவும் வரட்டும்" என்று கூட வந்திருந்த என் கணவர் தடுத்துவிட்டார்.

அந்த வாரமே தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துப்போனது. பதறிப்போய் மகளுக்கு போன் போட்டேன்.

"புதுத் தொட்டின்னா அப்படித்தான்மா. மீனோட கழிவுல அம்மோனியா வரும். அதைத் தின்னுற பாக்டீரியா வளர்றதுக்கு வாரக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் தினம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணிய மாத்திக்கிட்டே இரு. கலங்கல் தானா போயிடும். கண்ணுக்குத் தெரியாததுதான் ஆபத்து."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. அவர் மார்புக்குள்ளும் ஒன்று அப்படித்தான் யார் கண்ணுக்கும் தெரியாமல் அடைத்துக்கொண்டு கிடந்தது. மாடிப்படியில் சிரித்துப் பேசிக்கொண்டே ஏறி வந்தவர்தான் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீரைச் சோதிக்கிற மருந்தையும் மகளே அனுப்பினாள். காலையில் பால் காய்ச்சுவதற்கு முன்னால் சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். மஞ்சளாக இருந்தால் நல்லது. பச்சையாக மாறினால் அம்மோனியா. பச்சை தெரிந்த நாட்களில் எனக்குக் காபி இறங்காது. வாட்ச்மேன் கீழே தரைத்தொட்டிச் சம்ப்பில் மீனுக்கு ஆகாத பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவார் என்பதால், குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றவும் பயம். பால்கனியில் ஒரு டிரம் வைத்து, வெயிலில் இருத்தி எடுத்துத்தான் ஊற்றுவேன். அதெல்லாம் முடிந்த பிறகு அவருடைய மாத்திரை, அவருடைய பிரஷர். மத்தியானம் அவர் கண்ணயர்ந்ததும் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு சூடாகப் பட்டதும் எடுத்துவிடுவேன். அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை அவருக்கு மாத்திரை வாங்க தி. நகர் பக்கம் போய்விட்டு, ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி வீட்டுக்கு வந்தேன். தொட்டித் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை ஒவ்வொன்றாக எண்ணலாம். ஒரு நிமிஷம் நானும் மகிழ்ந்துபோனேன்.

"பாத்தியா!" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு. "படிகாரத்தப் போட்டு ஒரு கலக்கு கலக்கினேன். அப்ப லாரித் தண்ணிக்குப் போடுவோமே, அதே மாதிரி. எல்லா அழுக்கும் கீழ போயிடுச்சு."

தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோதெல்லாம் இந்த ஊரில் எல்லார் வீட்டுக் குடத்திலும் சுற்றிய படிகாரம்தான். அவர் ஷேவ் பண்ணிவிட்டுத் தேய்த்துக்கொள்ளும் கட்டி. அப்புறம்தான் மீன்களைப் பார்த்தேன். நான்கும் மேலே வந்து, வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க! குடிக்கிற தண்ணியா இது? மூச்சு முட்டுது பாருங்க அதுங்களுக்கு!" என்று கத்திவிட்டேன்.

அவர் முகம் வெளுத்தது. கை நெஞ்சுக்குப் போனது. தொட்டியைப் பார்ப்பதா, இவரைப் பார்ப்பதா? இவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஆள் இப்போது போய்விடுவார், நான் போட்ட கூச்சலில் போய்விடுவார் என்றுதான் தோன்றியது.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ தண்ணிய மாத்து. போ" என்றார்.

பால்கனிக்கும் ஹாலுக்குமாக வாளி வாளியாக ஓடினேன். அவர் கனம் தூக்கக் கூடாது என்பதால் உட்கார்ந்தபடியே ரப்பர் குழாயைப் பிடித்துப் பழைய தண்ணீரை இறக்கினார். நான் அடிக்கடி திரும்பி அவர் நெஞ்சைப் பார்த்தேன்.

சாயங்காலத்துக்குள் இரண்டு மீன்கள் மல்லாந்துவிட்டன. நான் அவர் பக்கத்திலேயே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். என் முடிச்சின்படி அடுத்தது இவர்தான். இவரோ எழுந்து போய் இரண்டையும் கரண்டியால் எடுத்து, கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து டீ கேட்டார்.

டீயைக் கொடுத்துவிட்டு, "எதுக்குங்க அதைப் போட்டீங்க?" என்றேன். கோபமெல்லாம் வடிந்திருந்தது.

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தெனம் காலையில அந்தக் குழாயத் தூக்கிப் பாக்கும்போது உன் மூஞ்சி போற போக்கு எனக்குத் தாங்கல. தண்ணி தெளிஞ்சுட்டா நீ பயப்பட மாட்டியேன்னு பாத்தேன்."

அத்தனை நாளும் தொட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டு அவர் மீனை மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவர் கண்ணயர்ந்தார். கிழிந்த வால் மீனும் இன்னொன்றும் அடியில் எதையோ கொறித்துக்கொண்டிருந்தன. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் அவர் மூக்குக்குக் கீழே விரலைக் கொண்டுபோனேன்.

"இருக்கேன்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "போய் உன் மீனைப் பாரு."